அருவிக்கு அட்வான்ஸ் தெரியாது

தாம்பரம், சேலையூர், பெருங்களத்தூர், முடிச்சூர் ஏரியாவாசிகளுக்கும் தண்ணீருக்கும் உள்ள உறவு, கோபக்கார மாமியாருக்கும் மருமகளுக்கும் உள்ள உறவு மாதிரி. ஒன்று, பேச்சு வார்த்தையே இருக்காது. இல்லையென்றால் வீடே அதிருகிற மாதிரி வந்து நிற்கும்.

2015 டிசம்பர் 1-ம் தேதி காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் பெய்த மழை 49 செ.மீ. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் பஸ் போகிற ரோட்டில் படகு போயிற்று. அடுத்த நாலே வருஷம். 2019 கோடையில் சென்னையே நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்க, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர், வாழை மரம் மாலை மரியாதையெல்லாம் பண்ணி வரவேற்றார்கள். ரயிலில் வந்த மாப்பிள்ளைக்குக்கூட அந்த மரியாதை கிடைத்திருக்காது. படகில் போன அதே தெருவில் நாங்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடினோம்.

இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய், 'ஒரு ஊரில் மலை உச்சியிலிருந்து தண்ணீர் தானாகவே கொட்டுகிறது. மோட்டார் போட வேண்டாம், கரண்ட் பில் கிடையாது, தலையைக் காட்டினால் போதும்' என்று சொல்லிப் பாருங்கள். அதனால்தான் வருஷா வருஷம் ஜூன் பிறந்து, 'குற்றாலத்தில் ஸீஸன் ஆரம்பம்' என்று பேப்பரில் ஒரு படம் வந்துவிட்டால், தென் சென்னைப் புறநகரில் இருக்கும் அத்தனை ஆபீஸிலும் ஒரு ஆசாமி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "என்னப்பா, ஒரு வேன் எடுக்கலாமா?" என்கிறான்.

எங்கள் கோஷ்டியில் அந்த ஆசாமி ஒரு கேஷியர். குரோம்பேட்டை பிராஞ்ச். கேஷ் கவுண்ட்டரில் நாலு முறை எண்ணிய நோட்டை ஐந்தாம் முறை எண்ணித்தான் கொடுப்பார். நான் எந்த ஆபீஸிலும் இல்லாத ஃப்ரீலான்ஸ் ஆசாமி. ஆனாலும் என்னைச் சேர்த்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. "நீதான் பி.காம். ஆச்சே, கணக்கு வழக்கைப் பார்த்துக்கோ." பி.காம். படித்தவனுக்கு இந்த நாட்டில் வேலை கிடைக்கிறதோ இல்லையோ, டூர் கணக்கு எழுதுகிற உத்தியோகம் நிச்சயம்.

வேன் வாடகை, டீஸல், டோல், டிரைவர் பேட்டா, ரூம் அட்வான்ஸ், வழிச் சாப்பாடு, இதர வகை (இந்த 'இதர வகை'யை விளக்கச் சொல்லி எந்த மனைவியும் கேட்கக்கூடாது). பன்னிரண்டு பேருக்கு வகுத்தால் தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு. வேன் ஓனர் ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார்: "கேன்ஸல் பண்ணினா அட்வான்ஸ் திரும்ப வராது ஸார்." கேஷியர் முகம் அப்போதே கொஞ்சம் சுருங்கியது. அந்தச் சுருக்கம்தான் இந்தக் கட்டுரை முழுக்க வரப்போகிறது, கவனித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குக் கிழக்குத் தாம்பரத்தில் வண்டி ஏறினோம். 'பொதிகை எக்ஸ்பிரஸ் செங்கோட்டைக்கே போகிறதே, தாம்பரத்தில் நிற்கவும் செய்கிறதே, அதில் போகக்கூடாதோ?' என்று புத்திசாலி வாசகர்கள் கேட்கலாம். ஸீஸனில் அதில் டிக்கெட் கிடைப்பவர்கள் தனி ஜாதகக்காரர்கள். ஜி.எஸ்.டி. ரோட்டைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்ததும் நெரிசல் தீர்ந்துவிடும் என்றார்கள். நெரிசல் தீரவில்லை, ஏறுகிற இடம்தான் மாறியிருக்கிறது. எங்கள் வேன் செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் புளியோதரைப் பொட்டலம் காலி. அப்புறம் விழுப்புரம், திருச்சி, மதுரை எல்லாம் தூக்கத்தில் வந்து போயின.

கண் விழித்தால் ஸ்ரீவில்லிபுத்தூர். வலது கைப் பக்கம் மலை. மேற்குத் தொடர்ச்சி மலையை முதலில் பார்க்கிற மெட்ராஸ்காரன் முகத்தைப் பார்க்க வேண்டும். பல்லாவரம் மலையையும் திரிசூலத்தையும் மலை என்று நம்பி வளர்ந்தவன். "என்னா ஸார் இது, முடியவே மாட்டேங்குது!" என்று பின் ஸீட்டிலிருந்து ஒரு குரல். முடியாதுதான். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட காடு அது. நாம் பால்கோவா வாங்கிக்கொண்டிருக்கும் ஊருக்குப் பின்னாலேயே புலி இருக்கிறது என்பது அங்கே இருப்பவர்களுக்குச் சாதாரண விஷயம்.

ராஜபாளையம், புளியங்குடி, கடையநல்லூர் தாண்டி தென்காசி நெருங்கும்போது காற்று மாறும். இது வர்ணனை இல்லை, பூகோளம். தென்மேற்குப் பருவ மழை கேரளத்தின் மேல்தான் கொட்டித் தீர்க்கும். நம் பக்கத்துக்கு மலை மறைப்பு. ஆனால் செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவில் மலை கொஞ்சம் குனிந்து வழி விட்டிருக்கிறது. அந்தக் கணவாய் வழியாக ஈரக்காற்றும் தூறலும் டிக்கெட் வாங்காமல் இந்தப் பக்கம் வந்துவிடுகின்றன. அதுதான் 'சாரல்'. ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. தாம்பரத்தில் நாம் கூலரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும் அதே நாளில், அதே தமிழ்நாட்டில், ஒரு ஊரே மஃப்ளர் கட்டிக்கொண்டு டீ குடிக்கிறது. கொஞ்சம் வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும்.

* * *

குற்றாலத்தில் இறங்கியதும் முதலில் பாஷை கற்றுக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடப் புஸ்தகத்தில் 'நீர்வீழ்ச்சி' என்று படித்திருப்போம். 'வாட்டர் ஃபால்ஸ்' என்பதை அப்படியே பிய்த்துப் போட்டுச் செய்த வார்த்தை அது. தண்ணீர் ஏதோ தேர்தலில் டெபாஸிட் இழந்த மாதிரி 'வீழ்ச்சி'! நம்மிடம் சங்க காலத்திலிருந்தே 'அருவி' என்று அழகான வார்த்தை இருக்கிறது. சொல்லும்போதே நாக்கில் வழுக்கிக்கொண்டு இறங்கும். போர்டில் எல்லாம் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள். பேரருவி, சிற்றருவி, ஐந்தருவி, புலியருவி, பழைய குற்றால அருவி, மேலே ஏறினால் செண்பகாதேவி, தேனருவி. ஆனால் ஆட்டோக்காரரிடம் "பேரருவிக்குப் போகணும்" என்றால் ஒரு கணம் யோசிப்பார். "மெயின் ஃபால்ஸா அண்ணாச்சி?"

மெயின் ஃபால்ஸ் வாசலில்தான் எங்களுக்கு வந்தது சோதனை. தண்ணீர் விழுகிற இடத்தில் ஒரு பாதுகாப்பு வளைவு கட்டியிருக்கிறார்கள். 'ஆர்ச்' என்பார்கள். தண்ணீர் ஆர்ச்சுக்கு உள்ளே விழுந்தால் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டினால் குளிக்கத் தடை. நாங்கள் போனபோது ஆர்ச் இருக்கும் இடமே தெரியவில்லை. செம்மண் கலரில், இடி மாதிரி சத்தத்தோடு, மேலே பொங்குமாங்கடலில் மோதிப் பொங்கி விழுந்துகொண்டிருந்தது.

பொங்குமாங்கடல் பற்றி இரண்டு வரி. பேரருவி நேராகத் தலையில் விழுவதில்லை. பாதி உயரத்தில் பாறையில் ஒரு ஆழமான பள்ளம் இருக்கிறது. தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, வேகம் அடங்கி, பொங்கி வழிந்துதான் கீழே வருகிறது. இயற்கையே வைத்த ஸ்பீடு பிரேக்கர். அது மட்டும் இல்லையென்றால் குற்றாலத்தில் குளித்தவன் எவனும் கழுத்தோடு திரும்பியிருக்க மாட்டான். அப்பேர்ப்பட்ட பொங்குமாங்கடலாலேயே அன்றைக்கு அடக்க முடியவில்லை.

கயிறு கட்டி நாலு போலீஸ்காரர்கள். கையில் விசில். எங்கள் கேஷியர் கயிற்றின் மேல் கை வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"ஸார், மெட்ராஸ்லேர்ந்து வர்றோம். அறுநூறு கிலோமீட்டருக்கு மேல. ஓரமா நின்னு ரெண்டே நிமிஷம்..."

"எல்லாரும் அங்க இருந்துதான் ஸார் வாறாங்க. தள்ளி நில்லுங்க."

"இல்ல ஸார், தலைக்கு நாலாயிரத்து ஐந்நூறு செலவு பண்ணி..."

போலீஸ்காரருக்கு ஐம்பது வயது இருக்கும். கோபிக்கவில்லை. அருவியைக் கையால் காட்டி, "அதுகிட்ட சொல்லுங்க ஸார், கேக்குதான்னு பாப்போம்" என்றார்.

எனக்கு அந்த இடத்தில் கல்லூரியில் படித்த காஸ்ட் அக்கவுண்டிங் ஞாபகம் வந்தது. 'ஸங்க் காஸ்ட்' என்று ஒரு சமாசாரம் உண்டு. மூழ்கிய செலவு. கொடுத்தாகிவிட்டது, எது செய்தாலும் திரும்ப வராது. அப்படிப்பட்ட செலவை, அடுத்து என்ன செய்யலாம் என்று முடிவெடுக்கும்போது கணக்கில் சேர்க்கவே கூடாது என்பது பால பாடம். சினிமா மொக்கையென்று இண்டர்வெல்லில் தெரிந்தாலும், 'நூத்தம்பது ரூபா குடுத்தாச்சே' என்று கடைசிவரை உட்கார்ந்து தலைவலியையும் வாங்கி வருகிறோமே, அந்த வியாதி. இது நமக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை. பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து 'கான்கார்ட்' என்று ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானம் கட்டினார்கள். லாபம் பார்க்க முடியாது என்பது நடுவிலேயே தெரிந்துவிட்டது. 'இவ்வளவு கொட்டியாச்சே' என்று மேலும் கொட்டினார்கள். மொத்தமே 20 விமானம்தான் செய்தார்கள். 2003-ல் நிறுத்திவிட்டார்கள். இந்த வியாதிக்கே கான்கார்ட் பெயரை வைத்துவிட்டார்கள்.

சினிமாவில் தலைவலியோடு போயிற்று. அரசாங்கங்களுக்கு வரிப்பணத்தோடு போயிற்று. அருவியில் வேறு விதம்.

2024 மே 17. பழைய குற்றாலம். ஸீஸன்கூட இல்லை, கோடை விடுமுறை. நல்ல கூட்டம். மேலே மலையில் பெய்த மழையில் திடீரென்று வெள்ளம் இறங்கியது. படிக்கட்டெல்லாம் அருவியாகி, ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஓடிய காட்சியை நாம் டி.வி.யில் பார்த்தோம். குளிக்க வந்திருந்த திருநெல்வேலிப் பையன் ஒருவனை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. 17 வயசு. அவன் யாரோடும் மல்லுக்கட்டவில்லை, கயிறு தாண்டவில்லை. அவனிடம் தப்பே இல்லை. அப்படிப்பட்டவனையே விடாத தண்ணீரிடம்தான் நாம் வேன் வாடகை ரசீதைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம்.

இது எப்படி நடக்கிறது என்று அந்தப் போலீஸ்காரரிடம் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்ததில் நன்றாகவே பேசினார்.

"நீங்க என்ன நெனைக்கிய, இங்க மழை பேஞ்சாத்தான் தண்ணி வரும்னு. இங்க வெயிலடிக்கும் ஸார். மேல மலையில கொட்டிட்டு இருக்கும். நடுவுல புடிச்சு வைக்க ஒரு அணை கெடயாது, கொளம் கெடயாது. அப்படியே எறங்கிரும். எங்களுக்கு மேலேர்ந்து தகவல் வந்து, நாங்க விசிலடிச்சு, நீங்க சோப்பைத் தேடி எடுத்துட்டு வாறதுக்குள்ள அது வந்துரும்."

"வர்றதுக்கு முன்னால தெரியுமா?"

"கலர் மாறும். வெள்ளையா விழுந்தது செவப்பா வரும். எலை, சுள்ளி, மரக்கட்டை வரும். சத்தம் மாறும். அது எங்களுக்குத் தெரியும். நீங்கதான் செல்ஃபி எடுத்துட்டு இருப்பியளே."

செங்குத்தான மலை, குறுகின ஓடை, மேலே பெருமழை. இந்த மூன்றும் சேர்ந்தால் ஓடையில் மணிக்கணக்கில் ஓட வேண்டிய தண்ணீர் நிமிஷக் கணக்கில் வந்து சேர்ந்துவிடுகிறது. கீழே நிற்பவனுக்கு வானம் நீலமாகத்தான் தெரியும். ஆகவே வாலிப வாசகர்களே, மேற்சொன்ன அடையாளங்களில் ஒன்று கண்ணில் பட்டாலும், விசில் காதில் விழுந்தாலும், துண்டு, செருப்பு, சோப்பு டப்பா, பனியன் எதையும் தேடாமல் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். (சோப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. அருவிகளில் சோப்பு, ஷாம்பூ, எண்ணெய் எல்லாவற்றுக்கும் கோர்ட் தடை இருக்கிறது. அந்தத் தண்ணீர்தான் சிற்றாறாகப் போய்த் தாமிரபரணியில் சேர்கிறது. கீழே இருப்பவர்கள் குடிக்கிறார்கள், ஸார்.)

எங்கள் கோஷ்டியில் பாதிப் பேர், "ஒருவேளை சாயங்காலம் திறப்பாங்க" என்று கயிற்றுக்குப் பக்கத்திலேயே தவம் கிடக்கத் தயாரானார்கள். அவர்களைக் கிளப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நான் சொல்வது இதுதான்: குற்றாலத்துக்கு பிளான் போடும்போதே 'குளிக்காத குற்றாலம்' என்று இன்னொரு பிளானும் போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சரக்கு நிறையவே இருக்கிறது. அருவிக்குப் பக்கத்திலேயே சங்கு வடிவத்தில் கட்டிய குற்றாலநாதர் கோயில். கொஞ்ச தூரத்தில் சித்திர சபை. நடராஜரின் ஐந்து சபைகளில் சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, திருநெல்வேலியில் தாமிரம், நம்ம திருவாலங்காட்டில் ரத்தினம் என்று ஏதாவது ஒரு உசந்த சாமானின் பெயரில் இருக்க, குற்றாலத்தில் மட்டும் ஓவியம். சுவர் முழுக்கப் படம். எங்களோடு வந்த ஒரு டிராஃப்ட்ஸ்மேன் அங்கே நின்றவர் ஒரு மணி நேரம் நகரவில்லை. மார்க்கெட்டில் மங்குஸ்தான், ரம்பூட்டான். சுந்தரபாண்டியபுரத்துப் பக்கம் சூரியகாந்தி பூத்திருந்தால் ஒரு நடை. 1992-ல் வந்த 'ரோஜா'வில் பார்த்த ஊர்தான். ராத்திரி செங்கோட்டைப் பக்கம் பார்டர் பரோட்டாவும் சிக்கனும். பரோட்டா மூன்றாவது ஸெட்டில் கேஷியர் முகத்துச் சுருக்கம் முதல் தடவையாகக் கொஞ்சம் விரிந்தது.

* * *

மறுநாள் சனிக்கிழமை, அம்பாசமுத்திரம் தாண்டி பாபநாசம் வழி. இது வேறு ரகம். குற்றாலம் என்பது கடை, லாட்ஜ், கூட்டம் எல்லாம் சேர்ந்த திருவிழா. இங்கே செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் காடு. 1962-ல் புலிக்காக முண்டந்துறை சரணாலயம், 1976-ல் சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு சரணாலயம். இரண்டையும் சேர்த்து 1988-ல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் அதுதான். இப்போது ஐந்து இருக்கின்றன.

செக்போஸ்ட்டில் வனக்காவலர் பையைத் திறக்கச் சொன்னார். எங்கள் வேனிலிருந்து இறங்கியவை: சிப்ஸ் பாக்கெட் ஒரு டஜன், ஷாம்பூ ஸாஷே ஒரு சரம், பிளாஸ்டிக் டம்ளர் ஒரு கட்டு, 'இதர வகை' இரண்டு பாட்டில். பாட்டிலைப் பார்த்ததும் பன்னிரண்டு பேரும் ஆகாயத்தைப் பார்த்தார்கள். "யாருது?" என்றார் காவலர். வரவு செலவுப் புத்தகம் என் கையில் இருந்ததால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். டீடோட்டலர் கணக்கப்பிள்ளையாக இருப்பதில் உள்ள கஷ்டம் இது. காட்டுக்குள் உடைகிற பாட்டில் யாரும் பொறுக்காத பாட்டில். அதை மிதிக்கிற யானைக்குக் கட்டுப் போட ஆஸ்பத்திரி கிடையாது. நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் என்று 2022-ல் ஹைகோர்ட் ஏற்பாடு செய்ய வைத்ததே, அது இதனால்தான்.

அகஸ்தியர் அருவி நல்ல வெள்ளை. அளவாக விழுந்துகொண்டிருந்தது. குற்றாலத்தில் ஸீஸன் முடிந்தால் பாறையைத்தான் பார்க்க வேண்டும். இங்கே வருஷம் முழுக்கத் தண்ணீர். ஏன் என்று மேலே பார்த்தால் தெரிகிறது. அணைகளும் இருக்கின்றன, ஆங்கிலேயர் காலத்து மின்சார நிலையமும் இருக்கிறது. ஆனால் அணைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? அதற்கும் மேலே பொதிகை மலையின் சோலைக்காடு. மழை பெய்தால் நம் ஊர் மாதிரி கான்கிரீட்டில் விழுந்து ஓடிவிடுவதில்லை. இலைச் சருகும் வேரும் மண்ணுமாகச் சேர்ந்து பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மழை நின்று மாசக் கணக்கான பிறகும் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருக்கிறது. எங்கள் பாஷையில் சொன்னால் காடு முதல், அருவி வட்டி. இந்த முதலில் கை வைக்காமல் வட்டியை மட்டும் எடுத்துத்தான் தாமிரபரணி ஓடுகிறது. நீளம் 130 கிலோமீட்டர்கூட இல்லை. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடலில் சேர்வது வரை தமிழ்நாட்டுக்குள்ளேயே. காவிரி மாதிரி நடுவர் மன்றம், பேச்சு வார்த்தை, பந்த் எதுவும் கிடையாது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவ மழையும் அதற்கு உண்டு. இரண்டு சம்பளம் வாங்குகிற குடும்பம் மாதிரி.

முடிச்சூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரியாக இருந்த இடத்தில் இப்போது மூன்று அபார்ட்மென்ட் இருக்கிறது. முதலையே எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, வட்டி வரவில்லை என்று லாரிக்கு போன் பண்ணுகிறோம். சரி, அது வேறு கதை.

நாலரை மணி இருக்கும். காவலர்கள் விசிலடித்து எல்லோரையும் கிளப்பினார்கள். காட்டுக்குள் இருட்டுவதற்கு முன்னால் வெளியே போயாக வேண்டும். எங்கள் வேன் ஆசாமி ஒருவர், பின் ஸீட் குரல், ஈரத் துண்டோடு வாதாடினார்.

"டிக்கெட் எடுத்திருக்கோம்ல ஸார்? இன்னும் ஒரு அரை மணி நேரம்..."

"டிக்கெட் ஒங்களுக்கு மட்டும்தான ஸார். உள்ள இருக்கதுக்கு டிக்கெட்டும் கெடயாது, டயமும் கெடயாது" என்றார் காவலர்.

ஆச்சரியம், கேஷியர்தான் முதல் ஆளாக வேனில் ஏறினார். வழியில் மணிமுத்தாறு அருவியையும் பார்த்துவிடலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அணைக்கு மேலே, மாஞ்சோலை போகிற பாதையில் இருக்கிறது. அதற்கும் வனத்துறை செக்போஸ்ட், அதற்கும் நேரக் கட்டுப்பாடு. நேரமாகிவிட்டது, விட்டுவிட்டோம். யாரும் முணுமுணுக்கவில்லை. ஒரே ஒரு நஷ்டம், அருவிப் படிக்கட்டில் ஒரு குரங்கு டிராஃப்ட்ஸ்மேனின் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போனது. அதற்கு முன்னால் யாரோ அதற்கு பிஸ்கட் போட்டுப் பழக்கியிருக்கிறார்கள். கண்ணாடியைத் திருப்பி வாங்க அவரும் ஒரு பிஸ்கட் போட வேண்டியதாயிற்று. குரங்குகளின் வியாபாரம் நன்றாகவே நடக்கிறது.

* * *

குளித்தது ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, ஐந்தருவியில். முதல் நாள் ஐந்து கிளையும் தெரியாமல் ஒன்றாகச் சேர்ந்து கொட்டிக்கொண்டிருந்ததாம். ராத்திரி வடிந்து, விடிகாலையில் ஐந்தும் தனித்தனியாகத் தெரிந்ததும் கயிற்றை எடுத்தார்கள். வரிசையில் நின்று போனோம்.

அருவியில் குளிப்பதை எழுதுவது கஷ்டம். முதல் அடி தோளில் விழும்போது யாரோ பின்னாலிருந்து சாத்துகிற மாதிரி இருக்கிறது. மூச்சு நின்று திரும்ப வருகிறது. அப்புறம் தலையைக் கொடுத்தால், காதில் ஒரே இரைச்சல், அதற்குள் ஒரு நிசப்தம். இ.எம்.ஐ., மேனேஜர், லோக்கல் டிரெயின், பையனுக்கு ஸ்கூல் அட்மிஷன் எல்லாம் வரிசையாகக் கழன்று சிற்றாற்றில் போய்விட்டன. பக்கத்தில் நின்றவர் கம்பெனி டைரக்டரோ காய்கறி வியாபாரியோ, தெரியாது. இரண்டு பேரும் ஒரே மாதிரி சிவப்புக் கோடு போட்ட துண்டில் நடுங்கிக்கொண்டிருந்தோம். கேஷியர் அருவிக்குள் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார். ஸ்லோகமாக இருக்கும் என்று காதைக் கொடுத்தேன். எண்ணிக்கொண்டிருந்தார். எத்தனை நிமிஷம் என்று.

விசில் அடித்தது. வெள்ளமெல்லாம் இல்லை, அடுத்த வரிசைக்கு இடம் விட வேண்டும். அவ்வளவுதான். எண்ணிக்கையை விட்டுவிட்டு மனுஷர் உடனே வெளியே வந்துவிட்டார். "நாலு நிமிஷம். அதாவது நிமிஷத்துக்கு ஆயிரத்து நூத்தி இருபத்தஞ்சு ரூபா" என்றார் பல் கிட்டிக்க. "மோசமில்ல ஸார்."

திரும்பி வரும்போது சாயங்காலம் திருச்சியைத் தாண்டி டீக்கு நிறுத்தினோம். யாருடைய போனிலோ செய்தி வந்தது. மலையில் மறுபடி கன மழை, குற்றாலத்தில் எல்லா அருவியிலும் குளிக்கத் தடை.

வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கேஷியர்தான் முதலில் வாயைத் திறந்தார். "பாவம் ஸார், இன்னிக்கு வேன் புக் பண்ணிட்டுப் போயிட்டிருக்கறவங்க. அட்வான்ஸ் போச்சே!"

டிரைவர் டீ கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "அது எங்க ஸார் போவும்? ஓனர்கிட்ட பத்திரமா இருக்கும்."